ஹைரம் மக்சிம்: யார் விழுந்தபோது படைகள் பாடம் கற்றன?

1916 நவம்பர் 18ஆம் திகதி, பிரான்ஸின் சொம் ஆற்றங்கரையில் நாலரை மாதங்களாக நடந்த பெருஞ்சமர் ஓய்ந்தது. ஆறு நாள்கள் கழித்து, 24ஆம் திகதி, தெற்கு லண்டனில் 76 வயது முதியவர் ஒருவர் இறந்தார். அவருக்குக் காது அநேகமாகக் கேட்காது. தான் செய்த துப்பாக்கிகளுக்குப் பக்கத்திலேயே பல ஆண்டுகள் நின்று சுட்டுப் பார்த்ததில் பழுதான காது அது. சொம் களத்தில் பிரித்தானியப் படையும் ஜேர்மன் படையும் ஒன்றையொன்று நோக்கிச் சுட்ட கனரக இயந்திரத் துப்பாக்கிகள் இரண்டுமே அவருடைய வடிவமைப்பில் இருந்து பிறந்தவை. அவர் பெயர் ஹைரம் மக்சிம்.

இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர் என்ற ஒற்றை வரியோடு அவரைப் பொது அறிவுப் புத்தகங்கள் முடித்துவிடுகின்றன. ஆனால் அவருடைய வாழ்க்கையோடு சேர்த்துப் பார்க்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அவருடைய இயந்திரம் 1884இலேயே தயாராகிவிட்டது. அது மனிதர்களை என்ன செய்யும் என்பதை 1890களிலேயே பிரித்தானியத் தளபதிகள் நேரில் நின்று பார்த்தார்கள். அப்படியிருந்தும், 1916 ஜூலை முதலாம் திகதி அதே தளபதிகள் தங்கள் சொந்தப் பிள்ளைகளை அதே இயந்திரத்தின் முன்னால் வரிசையாக நடக்கவிட்டது எப்படி?

கைவினைஞனாகத் தொடங்கிய வாழ்க்கை

மக்சிம் 1840 பெப்ரவரி 5ஆம் திகதி அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் சங்கர்வில் என்ற சிற்றூரில் பிறந்தார். எளிய குடும்பம். 14 வயதில் குதிரைவண்டி செய்யும் பட்டறையொன்றில் தொழில் பழகப் போனார். அதன்பின் அவர் படித்ததெல்லாம் பட்டறைகளிலும் ஆலைகளிலும்தான். தானாகவே திரும்பத் தயாராகும் எலிப்பொறி, தீப்பிடித்தால் தானே தண்ணீர் தெளிக்கும் கருவி என்று பல பொருள்களைச் செய்து பார்த்தார். 1870களின் இறுதியில் மின்விளக்குத் துறைக்கு வந்து, நியூயோர்க்கில் மின்விளக்குக் கொம்பனி ஒன்றின் தலைமைப் பொறியியலாளர் ஆனார். எடிசனோடு போட்டி போட்ட மனிதர்களில் அவரும் ஒருவர்.

1881இல் பரிஸ் நகரில் நடந்த மின்சாரக் கண்காட்சிக்காக ஐரோப்பா வந்தவர், பின்னர் லண்டனில் தங்கிவிட்டார். அந்த நாள்களில் அமெரிக்க நண்பர் ஒருவர், மின்சாரத்தை விட்டுவிட்டு, ஐரோப்பியர் ஒருவரையொருவர் இன்னும் இலகுவாகக் கொல்ல உதவும் ஏதாவதொன்றைச் செய்தால் பெரும் பணம் கிடைக்கும் என்று தனக்குப் புத்தி சொன்னதாக மக்சிம் பின்னாளில் கதை சொல்வதுண்டு. உண்மையோ அலங்காரமோ, லண்டன் ஹட்டன் கார்டன் பகுதியில் பட்டறை எடுத்து அவர் செய்யத் தொடங்கியது துப்பாக்கியைத்தான்.

அதற்கு முன்பும் வேகமாகச் சுடும் துப்பாக்கிகள் இருந்தன. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து கற்ளிங் துப்பாக்கியை ஒருவர் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும். மக்சிம் வேறு வழியில் யோசித்தார். துப்பாக்கி சுடும்போது அது பின்னோக்கி உதைத்துத் தோளை நோகச்செய்யும். அந்த உதையை எல்லோரும் தொல்லையாகப் பார்த்தார்கள். அவர் அதை வீணாகும் சக்தியாகப் பார்த்தார். அந்தச் சக்தியைக் கொண்டே வெற்றுக் கோதை வெளியே தள்ளவும், அடுத்த ரவையை உள்ளே ஏற்றவும், அதைச் சுடவும் வைத்தார். விசையை அழுத்திப் பிடித்தால் போதும். துணிப்பட்டியில் கோத்த ரவைகள் தீரும்வரை அது சுட்டுக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்குச் சுமார் 600 ரவைகள். குழல் சூடேறி உருகாமல் இருக்க, அதைச் சுற்றித் தண்ணீர் நிரப்பிய உறை இருந்தது.

அதே ஆண்டுகளில் பிரான்ஸில் புகையில்லாத வெடிமருந்து கண்டுபிடிக்கப்பட்டது. பழைய கரிமருந்தில் சில நிமிடங்கள் சுட்டாலே புகைமண்டலம் எழுந்து, சுடுபவரின் கண்ணை மறைத்து, அவருடைய இடத்தையும் காட்டிக்கொடுத்துவிடும். புதிய மருந்து அந்தக் குறையை நீக்கியது. அதன்பின், தூரத்தில் மறைந்திருக்கும் சிலர் ஒரு பெருவெளியையே கட்டுப்படுத்தலாம் என்ற நிலை உருவானது.

இயந்திரத்தை விற்பது அடுத்த வேலை. இளவரசர்களும் தளபதிகளும் செய்முறைக் காட்சிகளுக்கு வந்து வியந்து போனார்கள். 1888இல் மக்சிமின் கொம்பனி நோர்டன்ஃபெல்ட் ஆயுத நிறுவனத்தோடு இணைந்தது. அந்த நிறுவனத்தின் முகவர் பசில் சகரோவ். கிரேக்கத்துக்கு ஒரு நீர்மூழ்கியை விற்றுவிட்டு, அதனால் கலங்கிய துருக்கிக்கு இரண்டு நீர்மூழ்கிகளை விற்ற வியாபாரம் அவர்களுடையது. 1897இல் எல்லாவற்றையும் விக்கர்ஸ் நிறுவனம் வாங்கியது. ஜேர்மனியும் உரிமம் பெற்றது. ரஷ்யாவும் வாங்கியது. வாங்கியவர்கள் எவருக்கும் இதை எப்படிப் பயன்படுத்துவது என்பதில் தெளிவு இருக்கவில்லை. சக்கரம் பூட்டிப் பீரங்கிகளோடு நிறுத்தினார்கள். 1870இல் பிரான்ஸ், 25 குழல்கள் கொண்ட தன் புதிய துப்பாக்கியை அளவுக்குமீறி இரகசியமாக வைத்திருந்து, பின்னர் பீரங்கிபோலத் தூரத்தில் நிறுத்திப் பிரஷ்யாவிடம் தோற்றிருந்தது. அதைப் பார்த்த பலர், இந்த வகை ஆயுதமே பயனற்றது என்ற முடிவுக்கு வந்திருந்தார்கள்.

ஆபிரிக்காவில் நடந்த பரிசோதனை

மக்சிம் துப்பாக்கி பெரும் பெயர் எடுத்தது ஐரோப்பாவில் அல்ல. இன்றைய சிம்பாப்வேயில் என்டெபெலே மக்களின் அரசனாக இருந்தவர் லொபெங்குலா. 1888இல் அவரிடம் சுரங்க உரிமை கேட்டு வந்த சிசில் றோட்ஸின் ஆள்கள், பதிலுக்கு 1,000 துப்பாக்கிகளும் 100,000 ரவைகளும் தருவதாக ஒப்பந்தம் எழுதினார்கள். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டே றோட்ஸின் கொம்பனி நாட்டுக்குள் நுழைந்தது. 1893 ஒக்டோபரில் ஷங்கானி ஆற்றருகே, கொம்பனியின் சுமார் 700 பேர் வண்டிகளை அரணாக நிறுத்தி முகாமிட்டிருந்தார்கள். விடியுமுன் என்டெபெலே வீரர்கள் ஆயிரக்கணக்கில் பாய்ந்தார்கள். மக்சிம் துப்பாக்கிகள் அவர்களை நெருங்கவிடவில்லை. ஒரு வாரம் கழித்து பெம்பெசியிலும் அதே கதை. லொபெங்குலா தலைநகரைக் கைவிட்டு ஓடி, 1894இல் இறந்தார்.

வழமையாகக் கதை இங்கேயே நிறுத்தப்படும். ஆனால் மூன்று ஆண்டுகள் கழித்து, 1896இல், நிலத்தையும் மாடுகளையும் பறிகொடுத்த என்டெபெலே மக்கள் திரும்ப எழுந்தார்கள். இம்முறை அவர்கள் திறந்தவெளியில் கூட்டமாகப் பாயவில்லை. மட்டோபோ மலையின் பாறைகளுக்கும் குகைகளுக்கும் நடுவே சிறு குழுக்களாகப் பிரிந்து நின்றார்கள். அந்தப் பாறைகளுக்குள் மக்சிம் துப்பாக்கியால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. கடைசியில் றோட்ஸ் தானே மலைக்குள் போய் அவர்களுடைய தலைவர்களோடு பேசவேண்டி வந்தது. அரசை அவர்களால் மீட்க முடியவில்லை. ஆனால் இயந்திரத் துப்பாக்கிக்கு முன்னால் மனித உடல் எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்பதை மூன்றே ஆண்டுகளில் கற்றுக்கொண்டவர்கள் அவர்கள்தான். அந்தத் துப்பாக்கியின் பின்னால் நின்றவர்களுக்கு அதே பாடத்துக்கு இன்னும் இருபது ஆண்டுகள் தேவைப்பட்டன.

1898 செப்டெம்பர் 2ஆம் திகதி சூடானில், ஒம்டுர்மான் நகருக்கு வெளியே, கிச்சனர் தலைமையிலான பிரித்தானிய-எகிப்தியப் படையை நோக்கிக் கலீஃபா அப்துல்லாஹியின் சுமார் 50,000 வீரர்கள் நடந்து வந்தார்கள். பீரங்கிகள், நைல் நதியில் நின்ற பீரங்கிப் படகுகள், புதிய ரக றைபிள்கள், மக்சிம் துப்பாக்கிகள் எல்லாம் ஒன்றாகச் சுட்டன. மதியத்துக்குள் சூடானியர் தரப்பில் 10,000க்கும் மேற்பட்டோர் இறந்துகிடந்தார்கள். காயப்பட்டவர்கள் கவனிப்பாரின்றி விடப்பட்டதும், பலர் கொல்லப்பட்டதும் பிரித்தானியாவிலேயே கண்டனத்துக்கு உள்ளாயிற்று. கிச்சனரின் படையில் இறந்தவர்கள் 48 பேர்.

அன்று அந்தக் களத்தில் நின்ற நான்கு பேரின் பெயரை நினைவில் வைத்திருக்கவேண்டும். தளபதி கிச்சனர். அவருடைய பணிமனை அதிகாரி றோலின்சன். எகிப்தியக் குதிரைப்படையோடு நின்ற டக்ளஸ் ஹெய்க். ஈட்டிக் குதிரைப்படையில் இருந்த இளம் அதிகாரி வின்ஸ்டன் சர்ச்சில். திறந்த வெளியில் வரிசையாக வரும் மனிதர்களுக்கு நவீன ஆயுதம் என்ன செய்யும் என்பதை இவர்களைவிட நெருக்கமாகப் பார்த்தவர்கள் ஐரோப்பாவில் அதிகம் இல்லை. ஆனால் அதில் இருந்து பொதுவாக எடுக்கப்பட்ட பாடம் ஆயுதத்தைப் பற்றியது அல்ல. எதிரியைப் பற்றியது. அவர்கள் காட்டுமிராண்டிகள், அதனால் விழுந்தார்கள். ஒழுங்கும் துணிவும் உள்ள ஐரோப்பியப் படை அப்படி விழாது என்பது அக்காலத்து நம்பிக்கை. விழுந்தவரை மனிதக் கணக்கில் சேர்க்காவிட்டால், அந்தச் சாவில் இருந்து யாரும் எதையும் கற்கப்போவதில்லை.

தென்னாபிரிக்காவும் தியத்தலாவையும்

அடுத்த ஆண்டே அந்த நம்பிக்கை அடிவாங்கியது. 1899 ஒக்டோபரில் தொடங்கிய போயர் போரில், டச்சு வழிவந்த விவசாயிகளான போயர்கள் பதுங்குகுழிகளில் இருந்து புகையில்லாத றைபிள்களால் சுட்டார்கள். 37 மில்லிமீற்றர் குண்டுகளைத் தொடர்ச்சியாகச் சுடும் மக்சிமின் பெரிய துப்பாக்கியையும் அவர்கள் வாங்கி வைத்திருந்தார்கள். பிரித்தானியத் தரைப்படை அப்போது அதை வாங்கியிருக்கவில்லை. அடிபட்ட பிறகே அவசரமாக வாங்கியது. 1899 டிசம்பரில் ஒரே வாரத்தில் மூன்று இடங்களில் பிரித்தானியா தோற்றது. இம்முறை விழுந்தவர்கள் தன் ஆள்கள் என்பதால் படை மாறியது. வரிசைகள் ஐதாகின. வீரர்கள் மறைவு தேடி முன்னேறப் பழகினார்கள்.

படையினர் மாறியது அத்தோடு நிற்கவில்லை. போயர்கள் கெரில்லாக்களாக மாறியபோது, கிச்சனர் அவர்களுடைய குடும்பங்களின்மீது கை வைத்தார். பண்ணைவீடுகள் எரிக்கப்பட்டன. முட்கம்பி வேலிகளும் காவலரண்களும் நாடு முழுவதும் எழுந்தன. பெண்களும் குழந்தைகளும் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அந்த முகாம்களில் நோயாலும் பட்டினியாலும் 26,000க்கும் மேற்பட்ட போயர் பெண்களும் குழந்தைகளும் இறந்தார்கள்; பெரும்பாலானோர் குழந்தைகள். தனியாக அமைக்கப்பட்ட கறுப்பின மக்களின் முகாம்களில் இறந்தவர்கள் 14,000க்குக் குறையாது. எமிலி ஹொப்ஹவுஸ் என்ற பிரித்தானியப் பெண் நேரில் போய்ப் பார்த்து எழுதிய அறிக்கை வரும்வரை லண்டனில் இதுபற்றிப் பெரிய சத்தம் எழவில்லை. புதிய ஆயுதங்களுக்கு ஏற்பப் படைகள் தம்மை மாற்றிக்கொண்ட வரலாறு என்று எழுதப்படும் புத்தகங்களில் இந்த அத்தியாயம் பெரும்பாலும் வேறு தலைப்பின்கீழ் போய்விடும். ஆனால் இதுவும் ஒரு மாற்றம்தான். எதிரியின் துப்பாக்கியை நெருங்க முடியாதபோது, அவனுடைய வீட்டை நெருங்குவது என்ற மாற்றம்.

இந்தப் போரின் ஒரு துண்டு நம் தீவிலும் இருக்கிறது. 1900இல் பிடிபட்ட போயர் கைதிகளைக் கப்பலில் ஏற்றி, மலையகத்தில் தியத்தலாவையில் பெரிய முகாம் அமைத்து அடைத்தார்கள். சுமார் 5,000 பேர் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். இன்று தியத்தலாவை இராணுவப் பயிற்சிக்குப் பெயர்போன ஊர்.

1904இல் ரஷ்யாவும் ஜப்பானும் மஞ்சூரியாவில் மோதின. போட் ஆதர் துறைமுகக் கோட்டையில் ரஷ்யர்கள் மக்சிம் துப்பாக்கிகளை முட்கம்பி வேலிகளுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். அந்தக் கோட்டையைப் பிடிக்க ஜப்பான் கொடுத்த விலை, இறந்தவரும் காயப்பட்டவருமாகச் சுமார் 60,000 பேர். ஐரோப்பியப் படைகள் எல்லாம் அங்கே பார்வையாளர்களை அனுப்பியிருந்தன. பலர் அறிக்கை எழுதினார்கள். ஆனால் மேலிடங்களில் நிலைத்த கருத்து, ஜப்பான் இறுதியில் வென்றுவிட்டது, ஆகவே மனவுறுதி இருந்தால் எந்தத் துப்பாக்கியையும் தாண்டலாம் என்பதே. அங்கேயும் விழுந்தவர்கள் வேறு ஆள்கள்.

சொம்

1914இல் போர் தொடங்கியபோது, பிரித்தானியாவில் ஆயிரம் பேர் கொண்ட பற்றாலியன் ஒன்றுக்கு இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. ஜேர்மனியிலும் ஏறத்தாழ அதே விகிதம்தான். ஜேர்மனியர் வைத்திருந்தது மக்சிமின் துப்பாக்கியை 1908இல் திருத்திய வடிவம். பிரித்தானியரின் விக்கர்ஸ் துப்பாக்கியும் மக்சிமின் திருத்தமே. போர் அமைச்சராகிவிட்ட கிச்சனர் இலட்சக்கணக்கான இளைஞர்களைத் தொண்டர்களாகச் சேர்த்தார். ஒரே தெருவில், ஒரே ஆலையில் இருந்தவர்கள் ஒன்றாகச் சேர்ந்தார்கள்.

1916 ஜூனில் கிச்சனர் கடலில் கப்பல் மூழ்கி இறந்தார். ஜூலை முதலாம் திகதி அவர் திரட்டிய படை சொம் களத்தில் எழுந்து நடந்தது. தலைமைத் தளபதி ஹெய்க். அவருக்குக் கீழே தாக்குதலின் பெரும்பகுதியை நடத்தியவர் றோலின்சன். ஒம்டுர்மானில் நின்ற அதே இருவர். ஏழு நாள்களாக 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட எறிகணைகளை வீசியதால் எதிர்ப்பக்கத்தில் உயிரே இருக்காது என்று நம்பினார்கள். ஜேர்மனியர் ஆழமான பதுங்குகுழிகளில் இருந்தார்கள். எறிவீச்சு நகர்ந்ததும் ஏறிவந்து இயந்திரத் துப்பாக்கிகளை நிறுத்தினார்கள். பல இடங்களில் பிரித்தானிய வீரர்கள், முதுகில் பெருஞ்சுமையோடு, வரிசையாக நடந்தே போனார்கள். அந்த ஒரே நாளில் 57,470 பேர் இறந்தும் காயப்பட்டும் காணாமலும் போனார்கள். இறந்தவர்கள் 19,240 பேர்.

முதலாம் உலகப் போரில் அதிகம் பேரைக் கொன்றது எறிகணை. இயந்திரத் துப்பாக்கி செய்தது, திறந்தவெளியை யாரும் கடக்க முடியாத இடமாக்கியது. அதைக் கடப்பது எப்படி என்று படைகள் உண்மையாகக் கற்கத் தொடங்கியது இந்தச் சாவுகளுக்குப் பிறகுதான். எறிகணைத் திரை முன்னே மெல்ல நகர, அதை ஒட்டியே காலாட்படை போகப் பழகியது. 1917இல் பிரித்தானியாவின் சிறிய பிளற்றூன்கூடத் தனக்கெனப் பாரம் குறைந்த இயந்திரத் துப்பாக்கியும் கைக்குண்டு வீசுவோரும் கொண்ட அணியாக மாறியது. ஜேர்மனியர் வலுவான இடங்களைச் சுற்றிக்கொண்டு ஊடுருவும் சிறு குழுக்களைப் பழக்கினார்கள். முட்கம்பியையும் துப்பாக்கிச் சூட்டையும் தாங்கி நகரும் இரும்பு வண்டியைச் செய்ய 1915இல் குழு அமைத்தவர் சர்ச்சில். அந்த வண்டி, அதாவது தாங்கி, முதன்முதலில் களமிறங்கியது 1916 செப்டெம்பர் 15, அதே சொம் களத்தில். இவை எல்லாவற்றின் சாரமும் ஒன்றுதான்: கூட்டமாகப் போகாதே, சிறு குழுவாகப் போ, மறைவைப் பயன்படுத்து. மட்டோபோ மலையில் என்டெபெலே மக்கள் 1896இலேயே செய்ததும் அதைத்தான்.

விற்றவரின் முதுமை

மக்சிம் 1900இல் பிரித்தானியக் குடிமகன் ஆனார். 1901இல் சேர் பட்டம் கிடைத்தது. துப்பாக்கியோடு மட்டும் அவர் நின்றுவிடவில்லை. 1894இல் கென்ற் பகுதியில் மூன்று தொன்னுக்கு மேல் எடைகொண்ட நீராவிப் பறக்கும் இயந்திரமொன்றைத் தண்டவாளத்தில் ஓடவிட்டார். அது காவல் தண்டவாளத்தை முறித்துக்கொண்டு சிறிது எழுந்து நின்றுபோனது. முதுமையில் மார்புச்சளியால் அவதிப்பட்டு, மூச்சுக் குழாய்க்கு மருந்தாவி பிடிக்கும் கருவி ஒன்றைச் செய்தார். அதற்கு அவர் வைத்த பெயர் அமைதிக் குழாய். மருத்துவத்தில் போலி வேலை பார்க்கிறார் என்று அதற்காக அவரைச் சிலர் கண்டித்தார்கள். கொல்லும் இயந்திரம் செய்தபோது புகழ்ந்த உலகம், நோயைத் தணிக்கும் கருவி செய்தபோது முகம் சுளிக்கிறதே என்று அவர் மனம் நொந்துகொண்டதாகச் சொல்வார்கள். 1915இல் தன் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். அடுத்த ஆண்டு இறந்தார்.

அவரை அரக்கன் என்று சொல்வது இலகு. ஆனால் வாங்க ஆளிருந்த பொருளை விற்றவர் அவர். வாங்கியவர்களுக்கு அது நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு ஷங்கானியும் ஒம்டுர்மானும் சான்றிதழ் ஆயின. இன்றும் ஆயுதக் கண்காட்சிகளில் ஒரு பொருள் உண்மைப் போரில் பரிசோதிக்கப்பட்டது என்பது விற்பனைத் தகுதியாகவே சொல்லப்படுகிறது. எந்த ஊரில், யார்மீது பரிசோதிக்கப்பட்டது என்பது விளம்பரத்தில் இருக்காது.

சொம் பகுதியில் தியெப்வால் என்ற ஊரில் பெரிய நினைவுச்சின்னம் ஒன்று நிற்கிறது. எங்கே புதைந்தார்கள் என்று தெரியாத 72,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் அதில் ஒவ்வொன்றாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அது நியாயமானது. ஒவ்வொரு தாய்க்கும் அந்தப் பெயர் வேண்டும். ஆனால் ஒம்டுர்மானில் ஒரு பக்கத்துச் சாவு 48 என்று துல்லியமாக எழுதப்பட்டிருக்க, மறுபக்கத்துச் சாவு ஆயிரங்களாக உருட்டித்தான் எழுதப்பட்டிருக்கிறது. எத்தனை பேர் என்ற வாதமே இன்னும் முடியாத ஒரு மண்ணில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை. எண்ணப்பட்ட சாவில் இருந்து படைகள் கற்றன, நாடுகள் கற்றன. எண்ணப்படாத சாவில் இருந்து அவை கற்றது, அந்த ஆயுதம் நன்றாக வேலை செய்கிறது என்பதை மட்டுமே.